அம்மாவுக்கு மறதியா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாகச் சொன்னதையே திரும்பக் கேட்கிறார். என் மகனைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பொங்கலுக்குப் போனபோது சாம்பாரில் உப்பு கரித்தது. இரண்டு தடவை போட்டுவிட்டார் போல. டி.வி. சத்தம் தெருவரை கேட்கிறது. தெரிந்தவர் ஒருவர், ஸ்கேன் சென்டரில் ‘மூளை முழுப் பரிசோதனை’ பேக்கேஜ் 14,000 ரூபாய்தான், எடுத்துவிடலாம் என்கிறார். ஞாபகசக்திக்கு மூலிகை மாத்திரையும் அவரே வாங்கித் தருவாராம். இது அல்சைமரா டாக்டர்?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது: டி.வி. சத்தம் தெருவரை கேட்கிறது. ஸ்கேனைத் தள்ளிவையுங்கள். முதலில் அம்மாவின் காதைப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் நினைவில் இருக்க வேண்டுமானால் அது முதலில் உள்ளே போக வேண்டும். அப்புறம் பதிய வேண்டும். கேட்கும்போது வெளியே வர வேண்டும். இந்த மூன்றில் எது தடைப்பட்டாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு ‘மறதி’யாகத்தான் தெரியும். வைத்தியமோ மூன்றுக்கும் வேறு வேறு.

வயதாகும்போது உள்காதில் முதலில் பழுதாவது கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் நுண்மயிர் செல்கள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை நன்றாகவே கேட்கும். ச, த, க போன்ற மெய்யொலிகள்தான் நழுவும். பாசம், பாதம், பாகம் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். ‘சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். விட்டுப்போன எழுத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த ஊக வேலை நடந்தால், கேட்டதைப் பதித்து வைக்க மிச்சக் கவனம் இருக்காது. நீங்கள் போனில் சொன்ன தேதியை அம்மா மறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அது அவருக்குள் முழுதாகப் போகாமலே இருந்திருக்கலாம்.

காது கேட்காததுதான் மறதியாக வேஷம் போடுகிறது, உள்ளே மூளை பத்திரமாக இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். நடுவயதிலிருந்து கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைபாடு டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரில் ஒரு பாதிக்குக் காதுக்கருவி கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி நோய்க்கான அபாயம் அதிகமாக இருந்தவர்களில், சிந்தனைத் திறன் தேய்வது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது.

உப்பு விஷயமும் இதே கதையாக இருக்கலாம். வயதாக ஆக வாசனை மங்கும், நாக்கின் சுரணையும் குறையும். அம்மாவுக்கு உப்பு சப்பென்று தெரிந்திருக்கும், இன்னொரு கரண்டி போட்டிருப்பார். பேரனைத் தம்பி பெயரில் கூப்பிடுவதற்கெல்லாம் பயப்படவே வேண்டாம். பிரியமானவர்களின் பெயர்களை மூளை ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது. அவசரத்தில் பக்கத்துப் பெயர் கையில் வரும். முப்பது வயதுத் தாய்மாரும் இதைச் செய்கிறார்கள்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? அம்மாவிடம் ஒரு சிறு குறிப்பு கொடுத்துப் பாருங்கள். ‘நேற்று யார் வந்தார்கள்?’ என்றால் தெரியவில்லை, ‘மாம்பழம் கொண்டுவந்தாரே’ என்றதும் ‘ஆமாம், சித்தப்பா’ என்று வந்துவிட்டால், விஷயம் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. அது வயதின் இயல்பு. குறிப்பு கொடுத்தும், ‘யாருமே வரலையே’ என்று உறுதியாகச் சொன்னால், அதுவே அடிக்கடி நடந்தால், பதிக்கும் இடத்தில் கோளாறு இருக்கலாம். அந்த இடத்தின் பெயர் ஹிப்போகாம்பஸ். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மோலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இரு பக்கத்திலும் அதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். சிறு வயது நினைவுகள் அவருக்கு இருந்தன. புதிய சம்பவம் எதுவும் தங்கவில்லை. அல்சைமர் முதலில் தாக்குவதும் இந்தப் பகுதியைத்தான். அதனால், ‘கல்யாணத்தன்று நடந்ததெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்கிறாரே, மறதி இல்லை’ என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, சில்லறைக் கணக்கு பிசகுகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அந்தத் தெரிந்தவரிடம் வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேக்கேஜ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. 68 வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ‘வயது தொடர்பான சுருக்கம்’, ‘சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்’ என்று ஏதாவது எழுதி வரும். தலை நரைப்பதைப் போன்றது அது. அதை வைத்துக்கொண்டு, ‘மூளை சுருங்கிவிட்டது’ என்று வீட்டையே கலங்கடித்து அடுத்த பேக்கேஜுக்கு அனுப்புகிறார்கள். ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளே தடை செய்கின்றன. தடை ஏட்டில் இருக்கிறது. கவர் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் தேவைப்படும் நேரம் வரும், அதைப் பரிசோதித்த மருத்துவர் எழுதித் தரட்டும்.

மூலிகை மாத்திரையும் வேண்டாம். இப்படி விற்கப்படுவதில் பிரபலமானது கிங்கோ பைலோபா. 3,069 முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை. வல்லாரைத் துவையல் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும், குப்பியில் அடைத்ததற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

மாறாக, அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் கொட்டிப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் பழைய வகை மாத்திரைகள், தூக்க மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்கான சில மாத்திரைகள் ஆகியவை முதியவர்களின் நினைவை மந்தமாக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ என்று வருடக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம். பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை: மறதிக்கு முதலில் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் இவைதான். சேர்த்துப் பார்த்தாலும் பேக்கேஜ் விலையில் சிறு பங்குதான் ஆகும். தனியாக இருக்கிறார் என்கிறீர்கள், மனச்சோர்வும் மறதியாக வேஷம் போடும்.

ஒரே ஒரு நிலையில் நான் இதுவரை சொன்ன வரிசையை மறந்துவிடுங்கள். அம்மா சமீபத்தில் விழுந்தாரா? வயதானால் மூளை சற்றுச் சுருங்குவதால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். பாத்ரூமில் லேசாக வழுக்கி இடித்துக்கொண்டாலே அவை கிழிந்து, ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று வாரங்கள், சில சமயம் அதற்கும் மேல் கழித்து, தூக்கக் கலக்கம், தலைவலி, ஒரு பக்கக் காலில் இழுப்பு, பேச்சில் குழப்பம் என்று தொடங்கும். அதற்குள் விழுந்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அம்மாக்கள் சொல்லவும் மாட்டார்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். ஆகவே கோபப்படாமல், அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். விழுந்திருந்தால், அல்லது சில நாட்களில் திடீரென்று குழப்பம் கூடியிருந்தால், அன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்தால் பழையபடி ஆகிவிடுவார்கள். வயதுக் கோளாறு என்று வீட்டில் வைத்திருந்து இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

விழவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் காதுக் குரும்பியை எடுக்கச் சொல்லுங்கள், அதுவே பாதி அடைப்பாக இருக்கலாம். அப்புறம் ஆடியோகிராம், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை. அது இல்லாமல் ‘இலவச முகாம்’ போட்டுக் கருவி விற்பவர்களிடம் வாங்காதீர்கள், அவற்றில் பல எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டுபவை. நல்ல கருவிக்கும் காது பழகச் சில வாரம் ஆகும்.

காதுக்கு ஒரு கட்டடம், நரம்புக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று என்று 68 வயது அம்மாவை மூன்று வரிசையில் நிற்கவைப்போம், தெரியும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். முதியவர்களுக்கென்றே 200 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை 2024-இல் கிண்டியில் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் மன்னார்குடிக்காரர் அதற்காகச் சென்னை வரை வர வேண்டியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று எப்போது வரும்?

அதுவரை அம்மாவிடம் முக்கியமானதைப் போனில் சொல்லாதீர்கள். நேரில் போகும்போது டி.வி.யை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி தெளியாது. ஆடியோகிராம் தாளும் பி12 முடிவும் வந்ததும், அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களோடு எனக்கு எழுதுங்கள்.