அவுட்லுக் மெயில்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது எப்படி?

பேக்கப் என்றால் அசல் இருக்கும் இடத்தில் இருக்க, இன்னொரு பிரதியை வேறொரு இடத்தில் வைப்பது. மெயிலுக்கு இது ஏன் வேண்டும்? பாப் (POP) முறையில், அதாவது மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், கணக்கு அமைத்திருந்தால், சர்வரில் (மெயில் சேவை தருபவரின் கணினியில்) பிரதி வைக்கச் சொல்லாதவரை, மெயில் உங்கள் கணினிக்கு இறங்கியதும் அங்கிருந்து அழிந்துவிடும். அப்புறம் பத்து வருடக் கடிதங்களும் அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஒரே பி.எஸ்.டி. (.pst) கோப்பில்தான் இருக்கும். டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

அந்தக் கோப்பு பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்பதில் இருக்கும். முதலில் அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். கடைக்காரர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணக்கு நோட்டைப் பிடுங்கி ஜெராக்ஸ் எடுக்க முடியுமா? எடுத்தாலும் பாதி வரிதானே வரும்! திறந்திருக்கும் மெயில் கோப்பும் அப்படித்தான். மூடியதும் கோப்பைக் காப்பி செய்து வெளி டிஸ்க்கில் ஒட்டினால் போதும்.

கோப்பு 4 ஜிபியைத் தாண்டியிருந்து, டிஸ்க் ஃபேட்32 (FAT32) என்ற பழைய சேமிப்பு வடிவத்தில் இருந்தால் ஏறாது. இடம் காலியாக இருந்தும் ஏன் மறுக்கிறது என்று பலர் குழம்புவது இங்கேதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஃபார்மட் செய்து மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளவை அழியும், எனவே முதலில் அவற்றை எடுத்து வையுங்கள்.

பலர் கோப்பை வெளி டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு அங்கிருந்தே அவுட்லுக்கில் திறந்து பயன்படுத்துகிறார்கள். அது பேக்கப் அல்ல, இடம் மாறிய அதே ஒற்றைப் பிரதிதான்.