மூலிகையும் ஆன்டிபயாடிக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கெளிறு மீன் முள் குத்தி என் கணவருக்குக் கையில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். கூடவே மஞ்சள் மிளகுப் பால் கொடுத்தால் சீக்கிரம் ஆறுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: மாத்திரையோடு பால் வேண்டாம். பாலிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் சேரும் மருந்து குறையும். குறைந்த மருந்தில் பிழைத்த கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பால் கொடுங்கள். மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் கடலுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை அவசியம்.

மிளகில் விஷயம் இருக்கிறது. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, வத்தைப் படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைப்பதுபோல், உள்ளே வந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வெளியே இறைத்துவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த இறைப்பைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2009இல் இந்தியாவில் வந்த ரைசோரின் என்ற காசநோய் மருந்தில், அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் உடலில் நன்றாகச் சேர 10 மி.கி. பைப்பரின் கலந்திருக்கிறது. அது அளந்து, சோதித்துச் சேர்த்தது. கைப்பிடி மிளகு அந்த வேலையைச் செய்யும் என்று நம்ப முடியாது.

முள் குத்திய துளையில் மஞ்சள் அப்பாதீர்கள். வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கும். வீக்கம் மணிக்கு மணி ஏறினாலோ, ஊதா நிறக் கொப்புளம் வந்தாலோ இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விப்ரியோ என்ற கடல் கிருமியாக இருக்கலாம். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிரையே பறிக்கும்.

கேள்வி: வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலைச்சாற்றை ஆன்டிபயாடிக் தோய்த்த காகித வில்லையில் சேர்த்தபோது, கிருமி வளராத வட்டம் பெரிதானது. இரண்டும் கூட்டாக வேலை செய்கின்றன என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவி, தொண்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் தனித்தனியே கொஞ்சம் கொன்றாலும் வட்டம் பெரிதாகும். 96 குழித் தட்டில் சதுரங்கக் கட்ட முறையில் செய்யுங்கள்: ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் சாறு, குழிக்குக் குழி பாதியாகக் குறைத்து, கிருமி மில்லிக்கு 5 லட்சம், 37 டிகிரியில் 18 மணி நேரம். கிருமியை அடக்க மருந்து தனியாக 64 மைக்ரோகிராம் தேவைப்பட்டது, கலவையில் 8 போதும் என்றால் 8/64 = 0.125. சாறு 1024இலிருந்து 256க்கு இறங்கினால் 0.25. கூட்டினால் 0.375. கூட்டுத்தொகை 0.5க்குள் இருந்தால்தான் கூட்டு வலிமை. 0.6, 0.8 வந்தால் மனம் தளர வேண்டாம். ஆனால் அதைக் கூட்டு வலிமை என்று எழுதவும் வேண்டாம். ஒரு குழி தள்ளிப்போவது இந்தச் சோதனையில் சகஜம். மூன்று முறை செய்து பாருங்கள்.

வெண்கண்டல் இலை உப்பைக் கசியவிடும். நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே நிழலில் உலர்த்துங்கள். உப்பே சில கிருமிகளை அடக்கிவிடும். இலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதங்களைப் பற்றிப் படிய வைக்கும். அந்தக் கலங்கலைக் கிருமி வளர்ச்சி என்று கண் ஏமாறும். சந்தேகமான குழியிலிருந்து ஒரு துளி எடுத்து, கிருமி வளர்க்கும் அகார் கூழில் தடவுங்கள், மறுநாள் தெரிந்துவிடும். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் குழியில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதை மட்டும் ஊற்றிய குழி ஒன்று தட்டில் கட்டாயம் வேண்டும்.

இலை காரங்காடு அலையாத்திக் காட்டிலிருந்து என்றால், பறிக்கும் முன் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.