ரோபோகாப்பி 1 என்று திருப்பித் தந்தால் கடைசி வரியில் 'எக்ஸிட் 0' போட்டுவிடலாமா?

கேட்டவர் நிலைமை புரிகிறது. விண்டோஸில் கோப்புகளை நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி, கோப்புகளை ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஆனாலும் முடிவு எண்ணாக 1 என்கிறது, வேலைகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஜெங்கின்ஸ் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு சிவப்பு காட்டுகிறது, டீம் லீடர் உங்களை முறைக்கிறார். மேலே ஒருவர், "பேட்ச் கோப்பின் கடைசியில் எக்ஸிட் 0 போடுங்க, நான் வருஷக்கணக்கா அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார். அதாவது, கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் அந்தக் கோப்பு, என்ன நடந்தாலும் 'வெற்றி' என்றே சொல்லி முடியும். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. போடாதீர்கள். நான் போட்டவன்.

முதலில் விஷயம். பெரும்பாலான நிரல்களில் 0 என்றால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. ரோபோகாப்பி அப்படியில்லை. அது தருவது ஒரு கூட்டுத்தொகை. 0 என்றால் எதையும் நகலெடுக்கவில்லை, பிழையும் இல்லை. 1 என்றால் கோப்பு நகலானது. 2 என்றால் போய்ச் சேரும் இடத்தில் மூலத்தில் இல்லாத கோப்புகள் இருக்கின்றன. 4 என்றால் பொருந்தாதவை இருக்கின்றன, உதாரணமாக இங்கே கோப்பாக இருக்கும் பெயர் அங்கே ஃபோல்டராக இருப்பது. 8 என்றால் சிலவற்றை நகலெடுக்க முடியவில்லை. 16 என்றால் வேலையே நடக்கவில்லை. 3 வந்தால் 1-ம் 2-ம் சேர்ந்தது, பதற வேண்டாம். 9 வந்தால் 8-ம் 1-ம். பாக்கியெல்லாம் போனது, ஏதோ ஒன்று போகவில்லை. ஆக, 8-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, என் கதை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பேட்ச் கோப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ராத்திரி 2 மணிக்கு எல்லோருடைய ஃபோல்டரையும் பேக்கப் பெட்டிக்கு இழுக்கும், அது 0 என்று முடியாவிட்டால் 'பேக்கப் ஃபெயில்' என்று மெயில் வரும். தினமும் யாராவது ஏதாவது வேலை செய்வார்கள், எனவே தினமும் 1. தினமும் மெயில். ஒரு வாரம் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் கடுப்பாகி கடைசி வரியில் எக்ஸிட் 0 போட்டேன். மெயில் நின்றது. முதலாளிகூட, "இப்பத்தான் சிஸ்டம் நல்லா ஓடுதுங்க" என்றார்.

பையர்களிடம் பேசி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் அக்கா ஒருவர் இருந்தார். ஏப்ரலில் அமெரிக்க பையர் ஒருவர் சேர்ந்ததும், ராத்திரி வரும் மெயிலைக் காலையில் வந்தவுடன் பார்க்க வேண்டும் என்று அவுட்லுக்கை மூடாமலே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவுட்லுக் திறந்திருந்தால், மெயிலெல்லாம் சேர்ந்திருக்கும் அதன் பிஎஸ்டி கோப்பு பூட்டியிருக்கும், ரோபோகாப்பியால் தொட முடியாது. இதில் நானும் குற்றவாளி. அதன் இயல்புப்படி விட்டால் ஒரு கோப்பு மாட்டினால் 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் தடவை முயற்சி செய்யும், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதனால் ஒரு தடவை முயன்றுவிட்டு நகரும்படி வைத்திருந்தேன். அது நகர்ந்தது, 9 என்று சொன்னது, என் கடைசி வரி அதை 0 ஆக்கியது. அனைவரும் சுகம்.

ஜூலை 2 காலை அக்காவின் டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. "பேக்கப் இருக்குங்க்கா, அரைமணி நேரம்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிஎஸ்டியின் தேதி ஏப்ரல் 13. தமிழ்ப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும்போது ஒரே ஒருநாள் அவுட்லுக்கை மூடியிருக்கிறார். லாக் கோப்பைப் பார்த்தால் அதன் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் எர்ரர் 32, அதாவது கோப்பு வேறு நிரலின் பிடியில் இருக்கிறது, அடியில் வரும் கட்டத்தில் 'ஃபெயில்டு' தலைப்புக்குக் கீழே ஒரு ஒற்றை 1. இரண்டரை மாதமாக அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மெயில் பாப் கணக்கு, அதாவது மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வகை; சர்வரில் இருந்தது கடைசி 14 நாள் மட்டும்தான். நடுவில் இரண்டு மாத லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் எல்லாம் போச்சு. சாயப்பட்டறைக்கு அக்கா ஃபார்வர்டு செய்தவற்றை அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன். மற்றதெல்லாம் போனது போனதுதான்.

முதலாளி திட்டவில்லை. "ஏனுங்க தம்பி, பேக்கப்புக்குன்னு போன வருசந்தானுங்க பெட்டி வாங்கிக் குடுத்தேன். அதுக்குள்ள என்னதான் வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த லாக்கை ஏன் தினமும் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். காலை ஒன்பதுக்கு உள்ளே நுழைந்தால் பிரிண்டரில் பேப்பர் மாட்டியிருக்கும், கேமராவில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், கைரேகை மெஷின் கட்டிங் செக்‌ஷன் ஆட்களின் விரலை எடுக்காது, முதலாளி வீட்டுப் பையனுக்குப் பள்ளி ப்ராஜெக்ட் பிரிண்ட் வேண்டும். இதற்கெல்லாம் ஒரே ஆள். அப்ரைசலில் 'முன்முயற்சி போதாது' என்று எழுதினார்கள்.

லினக்ஸ்காரர்கள் உடனே சிரிக்க வேண்டாம். கோப்புகளை ஒப்பிடும் உங்கள் டிஃப் இரண்டு கோப்பும் வேறு என்றால் 1 தருகிறது, அது தோல்வியா? நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடும்போது மூலக்கோப்பு ஒன்று மறைந்தால் 24, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸிலேயே இன்னொரு நகல் கட்டளையான எக்ஸ்காப்பியில் 1 என்றால் 'நகலெடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை' என்று பொருள். ரோபோகாப்பிக்கு அப்படியே நேரெதிர். ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது நான் போடுவது இரண்டே வரி. ரோபோகாப்பிக்கு அடுத்த வரியிலேயே 'இஃப் எர்ரர்லெவல் 8 எக்ஸிட் /பி 1', அதற்கடுத்து 'எக்ஸிட் /பி 0'. ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'இஃப் எர்ரர்லெவல் 8' என்றால் 8 அல்லது அதற்கு மேல் என்று பொருள், சமம் என்று அல்ல. இங்கே அதுவே வேண்டும். இடையில் வேறு நிரலை ஓட்டினால் எண் மாறிவிடும். தினமும் மாறுகிற ஃபோல்டருக்கு ரோபோகாப்பி 0 தந்தாலும் எனக்கு மெயில் வரும்படி வைத்திருக்கிறேன், அங்கே ஒன்றுமே நகலாகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். திறந்திருக்கும் கோப்புக்கு ரோபோகாப்பியின் '/பி' சுவிட்ச் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அனுமதிச் சிக்கலைத்தான் தாண்டும், பூட்டைத் தாண்டாது. அதற்கு, டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் படம்பிடித்து அதிலிருந்து நகலெடுக்க விடும் விண்டோஸின் ஷேடோ காப்பிதான் வழி.

அக்கா இன்னும் அவுட்லுக்கை மூடுவதில்லை என்று கேள்வி.