கோடையில் வீட்டில் யாருக்கு எவ்வளவு தண்ணீர்?

கைக்குழந்தையும் வயதான பாட்டியும் இருக்கும் வீட்டில், கோடையில் எல்லோருக்கும் ஒரே கணக்காகத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். அதில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர்தான். தனியாகத் தண்ணீர் புகட்டினால் பால் குடிப்பது குறையும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரவும் கூடும். பாலூட்டும் தாய்தான் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

பாட்டியிடம்தான் அதிகக் கவனம் தேவை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதாலும், சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறன் குறைவதாலும், இரவில் எழ வேண்டியிருக்குமே என்று (பல வீடுகளில் நடப்பதுதான்) அவர்களே குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாலும், "தாகமில்லை" என்ற பதிலை நம்பாமல் பகல் முழுவதும் தண்ணீர், நீர்மோர், கஞ்சி எனச் சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருப்பின், அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.