கூண்டு முதலில், குதிரைசக்தி அப்புறம்

கேள்வி: போன சீசன் கடைசி ரேஸில் எங்கள் மாருதி எஸ்டீம் கார் தடுப்பில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. டீமில் ஒருவன் துபாய் போய்விட்டான், இன்னொருவன் கல்யாணத்துக்கு அப்புறம் பட்டறைப் பக்கமே வருவதில்லை. பதிலுக்கு இரண்டு மெக்கானிக் தேடுகிறோம். அடுத்த சீசனுக்கு கோயம்புத்தூர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் மறுபடி இறங்க வேண்டும். இன்ஜினுக்குப் போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து) ஆரம்பிக்கலாமா? (கோபாலபுரம் வாசகர்)

வேண்டாம். இன்ஜினைக் கழற்றி ஒரு தார்ப்பாயில் சுற்றி ஓரமாக வையுங்கள். மோதிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பாடி நேராக இருக்கிறதா என்பதுதான். கணினியில் அளக்கிற வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை நாலு ஸ்டாண்டில் மட்டம் பார்த்து நிறுத்தி, சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டுகிற இடங்கள், சப்போர்ட் போல்ட் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அப்புறம் வண்டியைத் தள்ளிவிட்டு, குறுக்குக்கோடுகளை டேப்பில் அளந்தால் இடது வலது வித்தியாசம் அப்படியே தெரிந்துவிடும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே உட்காரும் கோபுரம் மடிந்திருந்தாலோ, அதைச் சுற்றிய ஸ்பாட் வெல்டுகள் விட்டிருந்தாலோ டிங்கரிங்கில் காசைக் கொட்டாதீர்கள். எஸ்டீம் உற்பத்தி 2007-லேயே நின்றுவிட்டது, மோதாத பழைய வண்டி ஒன்றின் பாடி நீங்கள் டிங்கருக்குக் கொடுக்கப்போகிற கூலியைவிடக் குறைவாகவே கிடைக்கும். வாங்கும் முன் தரை விரிப்பைத் தூக்கி, கதவுக்குக் கீழே உள்ள பாக்ஸில் துரு இருக்கிறதா என்று சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். பட்டி வைத்து மூடிய இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். போனவர்களுக்குப் பதிலாக இரண்டு மெக்கானிக் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுகிற ஆள்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த போல்ட் எப்போது மாற்றியது, எந்த டயர் எத்தனை லேப் ஓடியது, எந்தக் காற்றழுத்தத்தில் வண்டி நன்றாகத் திரும்பியது, யார் எவ்வளவு பணம் போட்டார்கள். கடைசி விஷயத்தை எழுதாததால் உடைந்த டீம்கள் இன்ஜின் உடைந்து நின்ற டீம்களைவிட அதிகம்.

கேள்வி: எங்கள் ஊர் வெல்டர் ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. தண்ணீர் பைப்பில் பாதி விலைக்கு ரோல்கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் உள்கூண்டு) செய்து தருகிறேன் என்கிறார். வேலை சுத்தமாக இருக்கும். செய்யலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

அவரிடம் வீட்டுக்கு கேட் செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் பைப் தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு வைத்துத் தையல் போட்ட பைப், அடிபட்டால் அந்தத் தையலிலேயே பிளக்கக்கூடும். மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங்கையும் கெடுக்கும், வெல்டரின் நெஞ்சையும் கெடுக்கும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி கேட்பது தையல் இல்லாத, குளிர் முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50-க்கு 2.0. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2.0. வளைக்கும்போது உள்ளே மணலைப் போட்டுச் சூடாக்கி வளைக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் உண்டு, அதுவும் கூடாது. குளிர்ந்த நிலையில் மெஷினில்தான் வளைக்க வேண்டும். தலை படக்கூடிய இடங்களில் அதற்கென்று உள்ள பேடிங் வையுங்கள், ஏ.சி. பைப்புக்குச் சுற்றுகிற ஃபோம் உதவாது. ரேஸ் சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் காலாவதி வருடம் இருக்கும். யாரோ பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் அந்த வருடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் பாதி விலைக்கான காரணம் அங்கேயே அச்சாகியிருக்கும்.

கேள்வி: கேஎல்-70 பதிவு வண்டி. கேஜ் போட்டு, சீட்டெல்லாம் கழற்றியாகிவிட்டது. வேலந்தாவளம் வழியாக ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போகலாமா? (சித்தூர் வாசகர்)

லாரியில் ஏற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்ததே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், அந்த ஊர் எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) ஆட்கள் அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸும் பந்தயத்துக்கு உதவாது, சாதாரண பாலிசியில் ரேஸ், வேகப் பரிசோதனை எல்லாம் விலக்கு. இனி ரேஸுக்கு மட்டும்தான் என்றால் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஸ்டாக் கார் ரேஸ் என்று கடையில் வாங்கிய காரையே ஓட்டுகிறார்களாமே? நாமும் அப்படிச் செலவில்லாமல் ஓட்டலாமே! (ஆனைமலை, கல்லூரி மாணவர்)

ஆரம்பத்தில் அப்படித்தான். நாஸ்கார் அமைப்பு 1948-ல் தொடங்கியது, மாற்றம் செய்யாத கார்களுக்கான முதல் பந்தயம் 1949 ஜூன் 19-ல் சார்லட்டில் நடந்தது. அதில் முதலில் வந்தவர் கிளென் டன்அவே. பந்தயம் முடிந்து சோதித்தால், பின்பக்க ஸ்பிரிங்கைக் கைவைத்து இறுக்கியிருப்பது தெரிந்தது. கள்ளச்சாராயம் ஏற்றினால் வண்டி பின்னால் தொங்கக் கூடாதே, அதற்காகச் செய்த வேலை அது! (வாளையார் வழியாக ஸ்பிரிட் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) வெற்றியைப் பறித்து லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள், கார் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. இன்றைய நாஸ்கார் வண்டியில் கடைக் காரின் சாயல் மட்டும்தான் மிச்சம், உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை.

செலவில்லாமல் என்கிற ஆசை நம் கோயம்புத்தூரிலேயே ஓரளவு நிறைவேறியிருக்கிறது. செட்டிபாளையம் டிராக்குக்கு யார் பெயரோ அந்தக் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிப் பல பேரை ஓட்ட வைத்தவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார்.

கேள்வி: இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, புகையும் அதிகம் இல்லை. பிரிக்காமல் அப்படியே ஓட்டலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்ஜின் சூடான பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக் துளையில் ஒவ்வொன்றாக அழுத்தமானியை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் தொடாதீர்கள், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் மாற்றினால் போதும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

மிச்சமாகும் பணத்தை பிரேக்கில் போடுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் 155-க்கே கொதிக்கலாம், அப்புறம் பெடல் மெத்தையாக இறங்கும். மழை நம் பக்கம் எப்படிப் பெய்கிறது என்று தெரியும்தானே, போன சீசனில் பாதி மிஞ்சிய டப்பாவை எடுத்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஆடியில் பெயிண்ட் அடித்து முடித்துவிடலாமா? (மீனாட்சிபுரம் வாசகர்)

பாலக்காட்டுக் கணவாய் வாயில் உட்கார்ந்துகொண்டு ஆடிக்காற்றில் பெயிண்டா? மண்ணோடு சேர்த்துத்தான் காயும். நாலு பக்கமும் மூடிய ஷெட் கிடைத்தால் அடியுங்கள், இல்லையென்றால் பிரைமரோடு நிறுத்தி நம்பரை மட்டும் ஒட்டுங்கள்.

கேள்வி: இரண்டு பேரும் ஓட்ட ஆசைப்படுகிறோம். வண்டி ஒன்று. யார் ஓட்டுவது? (கோபாலபுரம் வாசகரின் நண்பர்)

ஓ, நீங்களும் எழுதிவிட்டீர்களா! இருவரும் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் எடுங்கள். ஒரே நாளில், ஒரே டயரில், ஒரே அளவு பெட்ரோலில் ஆளுக்குப் பத்து லேப் ஓட்டுங்கள். மிக வேகமான ஒரு லேப்பைப் பார்க்க வேண்டாம், பத்து லேப் நேரமும் ஒன்றுக்கொன்று ஒரு செகண்டு வித்தியாசத்துக்குள் அடங்குகிறவர் யாரோ அவர் முதல் ரவுண்டு ஓட்டட்டும். மற்றவர் அன்றைக்கு நோட்டுப் புத்தகம் எழுதட்டும், அதற்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லையே.