ஆடிக் கூழும் தொக்வில்லும்

கேள்வி: ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதை இன்று நாம் ஏன் படிக்க வேண்டும்?

அலெக்சி து தொக்வில்லைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1831-இல், 25 வயதில், நண்பர் பூமோனுடன் அவர் கப்பல் ஏறியது சிறைச்சாலைகளை ஆராய. பெயர் வாங்கியதோ அந்த நாட்டின் மக்களாட்சியைப் பற்றி ‘அமெரிக்காவில் மக்களாட்சி’ என்ற நூலை எழுதி. புழல் சிறையைப் பார்க்க வந்தவர் வழியில் வியாசர்பாடி கேரம் கிளப்பில் உட்கார்ந்துவிட்டதைப் போல.

வியாசர்பாடிக்காரனான எனக்கு அவரிடம் பிடித்தது சங்கங்களைப் பற்றிய பகுதி. ஒரு லட்சம் பேர் மதுவைத் தொடுவதில்லை என்று ஊரறிய உறுதி எடுத்ததாகக் கேள்விப்பட்டபோது அவருக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது. பேசாமல் வீட்டிலிருந்து தண்ணீர் குடித்தால் போதாதா என்று நினைத்தாராம்! பெரிய மனிதர் ஒருவர் முன்னின்று செய்வதை அங்கே சாதாரண ஆட்கள் கூடிச் செய்கிறார்கள் என்பது பிறகுதான் பிடிபட்டது.

இது நமக்குப் புதிதல்ல. எங்களுக்குப் பக்கத்திலுள்ள பெரம்பூரில் 1918-இல் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடனிருந்தார். அனைவருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத்தேர்தல் 1951-52-இல்தான். ஓட்டுப் போடும் முன்பே தீர்மானம் போடப் பழகிய பகுதி இது.

எங்கள் தெருவில் ஆடிக் கூழுக்கு வசூல் முடிந்ததும் கணக்கு வாசிப்பார்கள். பந்தல்காரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது எங்கே என்று ஓர் ஆயா எழுந்து கேட்டால், பொருளாளருக்கு வியர்த்துவிடும். சட்டமன்ற விவாதத்தைவிட எனக்கு இது மேல்.

ஆனால் தொக்வில் இதோடு விடவில்லை. பென்சில்வேனியாவில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்கிறார். உரிமை இருக்கிறது, போனால் அடி விழும் என்று பயப்படுகிறார்கள், அதனால் வருவதில்லை என்கிறார் அவர். பெரும்பான்மை விரும்பாத சட்டம் ஏட்டிலேயே கிடக்கும் என்பதுதான் பதிலின் சாரம். இதைப் படித்த பிறகு எங்கள் கூட்டத்தைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. வாடகைக் குடித்தனக்காரர்கள் கை தூக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர்களை யாரும் அடிக்கப் போவதுமில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் எதிரில் நிற்கையில் எந்தக் கை எழும்?

1835-இல் ஒன்றும் 1840-இல் ஒன்றுமாக வந்த இரண்டு பாகங்களையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால், முதலாவதில் பெரும்பான்மையின் அதிகாரத்தைப் பற்றிய அத்தியாயத்தையும் இரண்டாவதில் சங்கங்களைப் பற்றியதையும் படியுங்கள். சிறைச்சாலை அறிக்கையை விட்டுவிடலாம்.