வாசகர் கேள்வி: முட்டைக்குப் பஞ்சமில்லை, நாள்தான் தள்ளிப்போகிறது

*வயது 27. கல்யாணமாகி இரண்டு வருஷம். 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும். திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்றார்கள். 21-ஆம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் முட்டை வெடிக்கவில்லையாம். கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் குழந்தை உண்டாகுமா?*
– வாசகி, களியக்காவிளை

எடுத்துப் போடுவதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. ஸ்கேனில் தெரிபவை முட்டை வளரும் சின்னப் பைகள்; 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆண் ஹார்மோனும் இன்சுலினும் கூடும்போது அவை பாதி வளர்ச்சியில் நின்று சினைப்பைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. இந்தக் கோளாறைத்தான் பிசிஓஎஸ் என்கிறோம். உங்களிடம் முட்டை நிறையவே இருக்கிறது. ஒன்று முதிர்ந்து வெளியே வரத்தான் தாமதமாகிறது. சில மாதம் வராமலும் போகிறது. மருந்துக்கு முட்டை வளராதவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் துளையிடுவது உண்டு. அது முதல் படி அல்ல.

அந்த 21-ஆம் நாள் ரிசல்ட்டை நினைத்து மனம் உடைய வேண்டாம். முட்டை வெடித்து ஏறக்குறைய 14 நாள் கழித்து மாதவிலக்கு வரும். சுழற்சி நீளும்போது நீள்வது முன்பாதிதான். 28 நாள் சுழற்சி என்றால் 14-ஆம் நாள் முட்டை வெடித்து, அதன்பின் சுரக்கும் புரொஜெஸ்டிரான் ஹார்மோன் 21-ஆம் நாள் உச்சத்தில் இருக்கும். ரத்தத்தில் பார்ப்பது அதைத்தான். 42 நாள் சுழற்சிக்கு வெடிப்பதே 28-ஆம் நாள். ரத்தம் பார்க்க வேண்டியது 35-ஆம் நாள். முன்கூட்டிப் பார்த்தால் "இல்லை" என்றுதான் வரும். நாள் நிலையில்லாதவர்கள் 28-ஆம் நாளில் தொடங்கி, மாதவிலக்கு வரும்வரை வாரம் ஒருமுறை பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்துவிட்டது.

முட்டை வரும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் மருந்துக்கடை ஸ்ட்ரிப்பையும் நம்ப வேண்டாம். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு, முட்டையை வெடிக்க வைக்கும் எல்எச் ஹார்மோன் எப்போதுமே கூடியிருப்பதால், முட்டை வராத நாளிலும் இரண்டு கோடு காட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பதே மேல்.

முட்டை வளர்க்கும் மாத்திரை தொடங்கும் முன் தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை மூன்றும் வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனையும் அப்போதே முடிய வேண்டும்: 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை. பெண்ணை ஆறு மாதம் அலைக்கழித்துவிட்டு அதன்பிறகு ஆணைச் சோதிப்பது பெரிய அநியாயம். பணத்தோடு வயதும் போகிறது.

*எனக்கும் பிசிஓஎஸ்தான். வீட்டுக்காரர் கல்ஃப்பில் இருக்கிறார், வருஷத்துக்கு 40 நாள்தான் லீவு. டாக்டர் லெட்ரோசோல் எழுதியிருக்கிறார். அட்டைக்குள் இருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.*
– வாசகி, மார்த்தாண்டம்

அந்த நோய்க்கு அதைத் தினமும் வருடக்கணக்கில் கொடுப்பார்கள். இங்கே ஐந்தே நாள். ஈஸ்ட்ரோஜன் சில நாள் குறைவதைப் பார்த்து மூளை எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. அதில் ஒரு முட்டை வளர்கிறது. கரு ஒட்டும் நேரத்துக்குள் மருந்தின் பெரும்பகுதி உடம்பை விட்டுப் போயிருக்கும். 2014-இல் வெளியான, 750 பெண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்யாமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது.

இனி லீவுக் கணக்கு. பலர் அவர் வந்து இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதற்குள் பாதி நாள் கரைந்துவிடும். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு உங்களுக்கு மாதவிலக்கு வர வேண்டும். தானாக வராவிட்டால், சுமார் 22 நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி, கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு, மாதவிலக்கை வரவைக்கும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரான் மாத்திரை 10 மில்லிகிராம் 10 நாள் எடுக்கலாம். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம். 10-ஆம் நாள் வாக்கில் ஸ்கேன் தொடங்கும். முட்டைப் பை 18 மில்லிமீட்டர் தாண்டியதும் எச்சிஜி ஊசி போட்டால் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். அப்போது அவர் வீட்டில் இருப்பார். இந்த முறை தவறினாலும், அடுத்த சுழற்சியின் முட்டை லீவின் கடைசி வாரத்தில் கிடைக்கும். முதல் தடவை முட்டை வளராவிட்டால் 5 மில்லிகிராமாக ஏற்றிப் பார்க்கவும் இடமிருக்கும். விந்துப் பரிசோதனையை அவர் அங்கேயே செய்து ரிப்போர்ட்டை அனுப்பட்டும். நீங்கள் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராமை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சர்க்கரையோ அதிக எடையோ இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

*பிசிஓஎஸ் என்பதால் மரச்சீனியும் சம்பா சோறும் விடச் சொல்கிறார்கள். எடை 72 கிலோ. சுகர் இல்லாமலே மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார்கள், வயிற்றைக் கலக்குகிறது.*
– வாசகி, குழித்துறை

விட வேண்டாம், ஒரே வேளையில் இரண்டையும் சேர்க்காமல் இருந்தால் போதும். மரச்சீனி உள்ள அன்று அதுவே சோறு. உள்ளங்கை அளவு கிழங்கு, அதைவிடக் கூடுதலாக மீன் கறி, பக்கத்தில் அவியலோ தோரனோ. சம்பாவில் நார் கூடுதல்தான், அதற்காகத் தட்டு நிறையக் கூடாது. எடையில் 5 சதவீதம், அதாவது சுமார் மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால், எல்லாரையும் மெலியச் சொல்வது தவறு.

மெட்ஃபார்மின் இன்சுலினை அடக்கத்தான். தொடக்கத்திலேயே முழு அளவு போட்டால் வயிறு கலங்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 500 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 500 வீதம் ஏற்றும்படி டாக்டரிடம் கேளுங்கள். நீண்ட நாள் எடுத்தால் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.